ஒரு சாண் கம்பளி

வீடு பார்க்கப் போகிறேன் என்று டே குய்ட்டி ஊருக்குள் போன ரிபெக்கா, ஒரு பழைய பள்ளிக்கூடப் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். தன் வீட்டுக் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த டூயி, கையில் ஈரச் சட்டையோடு அப்படியே நின்றுவிட்டாள். டூயி ரிபெக்காவின் கணவன் ரெவிக்கு அக்கா. யாருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாதவள். ஆனால் மனதில் பட்டதை ஒரு நிமிஷம் வாயில் அடக்கி வைக்கவும் தெரியாதவள்.

"ஏண்டி, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறதுக்குத்தான் ஊர்ல பஸ் விடுவாங்க. நீ பஸ் வாங்கி பிள்ளைங்கள பள்ளிக்கூடத்துலேருந்து நிறுத்தப் போறியா?"

"நிறுத்தல அண்ணி. ஹினேவுக்குக் கம்ப்யூட்டர்லயே பாடம் நடத்துற பள்ளிக்கூடம் இருக்கு. பேர் குடுத்தாச்சு."

"சமையல்?"

"பஸ்லதான்."

"படுக்கை?"

"அதுவும் பஸ்லதான்."

"அப்ப ஒரு பால் வாங்கணும்னா? கட்டில், அடுப்பு, பிள்ளைங்க எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு கடை வாசல்ல போய் நிப்பியா?"

பாலைப் பற்றி ரிபெக்கா யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தாலும் பஸ்ஸை வாங்கியிருப்பாள் என்பது வேறு விஷயம்.

ரெவி ஆட்டுக்குக் கம்பளி கத்தரிப்பவன். ஒரு குழுவாக வேனில் ஏறிக் கிளம்பினால் ஒரு பண்ணை முடிந்து அடுத்த பண்ணை, மலை தாண்டி அடுத்த மாவட்டம் என்று வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெளியிலேயே போய்விடும். கல்யாணத்துக்கு முன்னால் ரிபெக்காவும் அதே குழுவில்தான் இருந்தாள். அவன் கத்தரித்துத் தள்ளும் கம்பளியை அள்ளி, மேஜையில் வீசி, கழிவைப் பிய்த்துத் தரம் பிரிப்பது அவள் வேலை. அப்படித்தான் அவனையும் தரம் பார்த்துப் பிடித்தாள் என்று குழுவில் இன்றும் சொல்வார்கள். மூத்தவள் ஹினே பிறந்த பிறகும் கொஞ்ச நாள் கூடவே அலைந்தாள். சின்னவள் மைரே மார்ச்சளியோடு பிறந்தாள். அதோடு ரிபெக்கா ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்த இடமாவது நன்றாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. வாடகை வீட்டுச் சுவரில் கையை வைத்தால் ஈரம் ஒட்டும். குளிர்காலத்தில் திரைச்சீலை முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. மைரேயின் இருமலைக் கேட்டுக் கேட்டு, இருமல் நின்றால்தான் ரிபெக்காவுக்கு விழிப்பு வரும் என்ற நிலை.

ஆனால் பஸ் வாங்கும் எண்ணம் வந்தது ஈரச் சுவரால் அல்ல. போன முறை ரெவி வீட்டுக்கு வந்தபோது நடந்த ஒரு சின்ன விஷயத்தால். அவன் கதவைத் திறந்து உள்ளே வந்தான். ஆறடிக்கு மேல் நான்கு விரல் உயரம், தாடி, ஆட்டு வாடை. நாலு வயது மைரே அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி, "அம்மா, ஒரு நெட்டை மாமா வந்திருக்காரு," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ரெவியும் சிரித்தான். சிரித்துவிட்டு வெளியே போனவன் விறகு பிளக்க ஆரம்பித்தான். அன்றைக்கு விறகு தேவையே இல்லை. அவன் பிளந்து பிளந்து அடுக்கிக்கொண்டே இருந்ததை ரிபெக்கா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் இருந்த இரண்டு வாரமும் மைரே அவன் மடிக்குப் போகவில்லை. போகிற அன்றைக்குக் கையை மட்டும் ஆட்டினாள், விருந்தாளிக்கு ஆட்டுவது போல.

அன்றைக்கே ரிபெக்கா முடிவு செய்துவிட்டாள். ரெவியால் வீட்டுக்கு வர முடியாவிட்டால் வீடு ரெவியிடம் போகட்டும்.

*

பஸ்ஸை விற்றவர் நெவில். பல வருஷம் ஊருக்குப் பக்கத்து மலைப்பாதையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கியவர். பிள்ளைகள் குறைந்து அந்தப் பாதையில் ஓட்டமே நின்றுபோனதும் பஸ் அவர் கொட்டகைக்குப் பின்னால் நின்றது. அதைக் கோழிக் கூண்டாக்கக் கேட்டவர்கள் இருந்தார்கள். நெவில் மறுத்துவிட்டார்.

ரிபெக்கா அவர் வாசலுக்குப் போனபோது கையில் ஒரு நீளமான துடைப்பக் கம்பு வைத்திருந்தாள். கம்பின் மேல் முனைக்குக் கொஞ்சம் கீழே, ஆட்டுக்கு அடையாளம் போடும் நீலச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு.

"என்னம்மா இது?" என்றார் நெவில்.

"இது என் புருஷன்."

நெவில் கம்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அவர் இப்ப வேலையில இருக்காரு. போன தடவை வந்தப்ப தரையில மல்லாந்து தூங்கிக்கிட்டிருந்தாரு. பக்கத்துல வச்சு அளந்துக்கிட்டேன். உங்க பஸ்ல அவர் நிமிந்து நிக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். மத்ததெல்லாம் நான் பாத்துக்குவேன்."

நெவில் கதவைத் திறந்தார். ரிபெக்கா கம்பை நட்டமாகப் பிடித்துக்கொண்டு முன்னாலிருந்து பின்னால் வரை நடந்தாள். நீலக் கோட்டுக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தது. முன்பக்கம், நடுவில், பின்பக்கம் என்று மூன்று இடத்திலும் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகுதான் என்ஜினைப் போட்டுக் காட்டச் சொன்னாள்.

"சமைக்கப் போறியா இதுல?" என்று கேட்டார் நெவில்.

"ஆமா."

"என் பஸ்ல ஒரு பயல ஒரு சிப்ஸ் திங்க விட்டதில்ல நான்," என்றார். சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சாவியைக் கொடுக்கும்போது மட்டும், "பிரேக்க மெதுவா மிதி. திடீர்னு மிதிச்சா சண்டை போடும்," என்றார்.

சிப்ஸ் தின்னவில்லையே தவிர சூயிங்கம் மென்றிருக்கிறார்கள். இருக்கைகளைக் கழற்றியபோது ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தலைமுறையின் சூயிங்கம் கல்லாகிக் கிடந்தது. இருக்கைகளைத் தரையோடு பிடித்திருந்த ஆணிகள் துருவேறி அசைய மறுத்தன. ரிபெக்கா எண்ணெய் ஊற்றிக் காத்திருந்து, சுத்தியால் அடித்து, ஏறி நின்று திருகி, கெட்ட வார்த்தை சொல்லிக் கழற்றினாள். கெட்ட வார்த்தைக்குத்தான் பாதி ஆணி அசைந்தது என்றாள் ஹினே. கழற்றிப் போட்ட இருக்கைகளை ஊர் அள்ளிக்கொண்டு போனது. இத்தனை பேசிய டூயி இரண்டை எடுத்துத் தன் வாசலில் போட்டுக்கொண்டாள். "சும்மாதான கெடக்குது," என்றாள்.

அடுத்தது குளிர். தகரப் பெட்டி அது. வெயிலில் கொதிக்கும், பனியில் விறைக்கும். மைரேயின் நெஞ்சுக்கு ஆகாது. இதற்கு வழி ரிபெக்காவுக்கு முதல் நாளே தெரியும். பக்கத்துப் பண்ணைக்காரர் போன வருஷக் கம்பளியை விற்காமல் கொட்டகையிலேயே போட்டு வைத்திருந்தார். விற்கிற விலை கத்தரிக்கிற கூலிக்கே காணாத காலம் அது. "எடுத்துட்டுப் போம்மா, எலி கூடு கட்டறதுக்கு முன்னாடி," என்றார்.

இங்கேதான் ரிபெக்காவுக்குக் கை கட்டுக்கடங்காமல் போனது. வேறு ஒருத்தி கடையில் பஞ்சு வாங்கிச் செய்திருந்தால் அளந்து அளந்து வைத்திருப்பாள். ரிபெக்கா கம்பளியில் வளர்ந்தவள். எது வயிற்றுக் கம்பளி, எது கழுத்துக் கம்பளி என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சொல்லுவாள். துவைத்தாள், காய வைத்தாள், பிய்த்துப் பூவாக்கினாள். கூரையில் சட்டம் அடித்து அதற்குள் வைத்து அடைத்தாள். கொஞ்சம் மிஞ்சியது. மிஞ்சியதை வீணாக்குவானேன் என்று இன்னொரு அடுக்கு வைத்தாள். தரையிலிருந்துதான் குளிர் அதிகம் ஏறும் என்று தரைக்கும் சட்டம் போட்டு, கம்பளி நிரப்பி, மேலே பலகை அடித்தாள். பின் ஒரு நாள் கூரைப் பலகையை அடித்து முடித்து, வெள்ளைப் பெயின்ட் பூசி, இறங்கி நின்று பார்த்தாள். கண்ணை எடுக்க முடியவில்லை.

அந்தப் பெயின்டைக் கலக்கியது எதைக் கொண்டு என்றால், நீலக் கோடு போட்ட அந்தக் கம்பைக் கொண்டு.

ரிபெக்காவின் உயரம் ஐந்தடி. டூயிக்கும் அதே உயரம். பஸ்ஸுக்குள் ஏறி இறங்கிய யாருக்கும் தலை இடிக்கவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் பிரார்த்தனை செய்ய ஊர்ப் பெரியவரைக் கூப்பிட்டார்கள். புதிதாக எதில் குடியேறினாலும் அந்த ஊர் ஆட்கள் அது இல்லாமல் உள்ளே படுக்கமாட்டார்கள். அவர் வாசலில் நின்று பஸ்ஸை வெகுநேரம் பார்த்தார்.

"நான் எதைச் சொல்லணும்? வீட்டுக்குண்டானதையா, வண்டிக்குண்டானதையா?"

"ரெண்டையும் சொல்லிடுங்க," என்றாள் ரிபெக்கா.

"ரெண்டும் சொன்னா நேரம் ஆகும்."

"பிரேக் கொஞ்சம் சரியில்ல. அதனால வண்டிக்குண்டானத மட்டும் விட்டுடாதீங்க," என்றாள் டூயி.

அவர் இரண்டையும் சொன்னார். முடிந்ததும் பன்றி எலும்பும் நீர்க்கீரையும் மாவுருண்டையும் போட்டுக் கொதிக்க வைத்த பெரிய பானையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். சாப்பிடும்போது டூயி ரிபெக்காவின் காதோரம், "அவன் பஸ்ல இருக்க மாட்டேன்னுட்டா என்னடி பண்ணுவ?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை.

"ஏன் மாட்டேங்கப் போறான்?"

"பதினஞ்சு வருஷமா கூட்டத்தோட தூங்கி எழுந்தவன். வேன்ல முன் சீட்டு அவனோடது. பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

ரிபெக்கா போனில் ரெவியிடம் எல்லாம் சொல்லித்தான் இருந்தாள். அவன் சொன்ன பதில் ஒன்றே ஒன்று. "கொண்டா. இந்தப் பண்ணை முடியற வரைக்கும் இருந்து பாப்போம். அப்புறம் சொல்றேன்." வாடகை வீட்டையோ அவள் காலி செய்துவிட்டாள். அந்த 'அப்புறம்' என்ற சொல்லை நம்பித்தான் பஸ் கிளம்ப வேண்டும்.

*

ரெவி வேலையில் இருந்த மேட்டுப் பண்ணைக்குப் போகிற வழியில் மைரேக்கு வாந்தி வந்ததால் ரிபெக்கா பஸ்ஸை ஓரமாக நிறுத்தினாள். பின்பக்கம் எழுதியிருந்த பள்ளிக்கூடப் பஸ் என்ற எழுத்தை அழிக்க மறந்துவிட்டிருந்தாள். நின்றிருக்கும் பள்ளிக்கூடப் பஸ்ஸைத் தாண்டும்போது எந்த வண்டியும் ஊர்ந்துதான் போக வேண்டும், அது சட்டம். மரம் ஏற்றிய பெரிய லாரிகள்கூட ஊர்ந்தன. ஓட்டுகிறவர்கள் பிள்ளைகளைத் தேடி எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு பெண் அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். மறுநாளே அந்த எழுத்தின் மேல் பெயின்ட் அடித்தாள்.

பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது டீ வேளை. குழு மொத்தமும் கொட்டகையிலிருந்து வெளியே வந்தது. குழுவை நடத்துகிறவன் ஹெனாரே பஸ்ஸைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தான். "ரெவி, உன் வீட்டுக்கு டயர் நல்லாருக்குடா. என் வீட்டுக்கு ஒண்ணுகூட இல்ல," என்றான்.

ரெவி வேர்வையோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. ஹினே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். மைரே ரிபெக்காவின் பாவாடைக்குப் பின்னால் போய்விட்டாள். ரெவி அவளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, படியேறி உள்ளே வந்து, நிமிர்ந்தான்.

டமார் என்று ஒரு சத்தம்.

வெளியே இருந்த குழு விழுந்து விழுந்து சிரித்தது. ரெவியும் தலையைத் தேய்த்துக்கொண்டு சிரித்தான். ரிபெக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கூரையையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று கூட்டிப் பார்த்தால் ஒரு சாண் கம்பளி. அவள் கையாலேயே துவைத்துப் பூவாக்கி வைத்தது.

"நல்லாருக்கு ரிபெக்கா. கதகதன்னு இருக்கு," என்றான் ரெவி. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு சொன்னான்.

ஆடு கத்தரிக்கிறவனுடைய நாள் எப்படிப் போகும் என்று ரிபெக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை இடுப்பை இரண்டாக மடித்து, காலிடுக்கில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நிற்க வேண்டும். சாயங்காலம் மணி அடித்ததும் ஒவ்வொருவனும் இடுப்பில் கையை வைத்து நிமிர்வான் பாருங்கள், அந்த நிமிர்தலுக்காகத்தான் நாள் முழுக்க உயிரோடு இருப்பான். அப்படி நிமிர்ந்து வருகிறவனுக்கு அவள் குனிந்து நுழைகிற வீட்டைக் கட்டி வைத்திருக்கிறாள். ஆட்டின் மேலிருக்கிற கம்பளி பகலில் அவன் முதுகை வளைக்கிறது. இரவில் வளைக்கட்டும் என்று அவளே இன்னொரு மூட்டை வாங்கி வைத்திருக்கிறாள்.

மூன்று நாள் ரெவி குனிந்து வந்தான், குனிந்து சாப்பிட்டான், குனிந்தே பாத்திரத்தை எடுத்து வைத்தான். மைரே பஸ்ஸின் கடைசிக் கட்டிலில் உட்கார்ந்து, இந்த ஆள் எப்போது போவான் என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் சாப்பிட்டதும் ரெவி தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"நான் அங்க போய்ப் படுத்துக்கறேன்," என்றான். ஆட்கள் தங்கும் கட்டடத்தைக் காட்டினான். "கோவமில்ல ரிபெக்கா. நாள் பூரா குனியறேன். சாயங்காலம் ஒரு தடவ நிமிரணும். அவ்வளவுதான்."

"சரி," என்றாள்.

அவன் போன பிறகு மைரே வந்து அவள் மடியில் ஏறிக்கொண்டாள். "அந்த மாமா போயிட்டாரா?" என்றாள். ரிபெக்கா அழுதாள். பஸ் வாங்கியதற்காக முதல் தடவையாக வருத்தப்பட்டாள்.

*

மறுநாள் காலை ஹினே பாடத்தில் உட்கார்ந்ததும் ரிபெக்கா கடப்பாரையை எடுத்தாள். கூரையின் நடுவில் ஒரு பலகையைக் குத்திப் பெயர்த்தாள். கம்பளி பொதபொதவென்று தலையில் விழுந்தது. அடுத்த பலகையில் கடப்பாரையைக் கொடுத்தபோது படியில் காலடிச் சத்தம். காலை டீ வேளைக்கு ரெவி வந்திருந்தான்.

"என்ன பண்ற?"

"கண்ணு தெரியலயா? உன் தலைக்கு இடம் பண்றேன்."

"இதப் பிரிச்சா பிள்ளைக்குக் குளிருமே."

"குளிரட்டும். இருமட்டும். அவளாவது இங்க இருக்கா."

"நான் உன்னப் பிரிக்கச் சொன்னேனா?"

"நீ எதச் சொன்ன ரெவி? தலகாணியத் தூக்கிக்கிட்டுப் போயிட்ட. நான் வீட்ட இழுத்துக்கிட்டு மலை ஏறி வந்தேன். நீ நாலு எட்டு தள்ளிப் போய்ப் படுத்துக்கற. அந்தப் புள்ள உன்ன மாமான்னு கூப்பிடுது. நீயும் மாமா மாதிரியே போயிட்டு வர்ற."

ரெவிக்கு முகம் சுருங்கியது. அவன் அப்படி அடிபட்டு அவள் பார்த்ததில்லை. சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. ஆனால் சொல்லியாகிவிட்டது. கோபம் அடங்காமல் கடப்பாரையை ஓங்கி இன்னொரு குத்துக் குத்தினாள். பலகை முழுசாகப் பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னால் கம்பளி. அதன் பின்னால் ஒரு சிவப்புப் பிடி.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். கூரையில் அவசரத்துக்கு வெளியேறுவதற்காக வைத்த மூடி அது. எல்லாப் பள்ளிக்கூடப் பஸ்ஸிலும் உண்டு. குளிர் இறங்கும் என்று அதையும் ரிபெக்காதான் கம்பளி வைத்து அடைத்திருந்தாள். அடைத்துவிட்டு மறந்தும் போனாள்.

ரெவி பிடியைத் திருப்பித் தள்ளினான். மூடி முனகிக்கொண்டு பின்பக்கம் சாய்ந்தது. ஒரு சதுர வானம் தெரிந்தது. ரெவி அதற்கு நேர் கீழே வந்து மெதுவாக நிமிர்ந்தான். நெற்றி வெளியே போனது. கண் வரைக்கும் போனது. பிறகு காலால் துழாவி விறகுப் பெட்டியை இழுத்து அதன் மேல் ஏறி நின்றான். தோள் வரைக்கும் வெளியே போய்விட்டான். உள்ளே இருந்தவர்களுக்கு இடுப்பும் இரண்டு நீளக் கால்களும்தான் தெரிந்தன. மேலே அவன் கைகளை விரித்து முதுகை நெட்டி முறிக்கிற சத்தம் கேட்டது.

"ரிபெக்கா!" என்று குரல் மேலிருந்து வந்தது. "ஒரு டீ குடு!"

கொட்டகையிலிருந்து அதைப் பார்த்த ஹெனாரே கூவினான். "டேய், ஓட்டுக்குள்ளருந்து ஆமை தலைய நீட்டிருச்சுடா!" குழு முழுக்க வெளியே வந்து கை தட்டியது. ரெவி அவர்களைப் பார்த்து ராஜா மாதிரி கையை ஆட்டினான். ரிபெக்கா டீயை மேலே நீட்டினாள். அழுத கண்ணோடு சிரிப்பு வந்துவிட்டது.

இதையெல்லாம் கடைசிக் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மைரேக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்த நெட்டை மாமாவுக்கு இப்போது தலை இல்லை. தலை இல்லாத மாமாவிடம் பயப்பட என்ன இருக்கிறது? மெல்ல இறங்கி வந்தாள். அவன் முழங்காலில், கதவைத் தட்டுவது போல, இரண்டு தட்டுத் தட்டினாள்.

"மேல என்ன தெரியுது?"

கால் அசையவில்லை. பிறகு அவன் குரல், மிகவும் சாதாரணமாக, "நாய் ஒண்ணு தெரியுது," என்றது.

"என்ன பண்ணுது?"

"ஹெனாரேவோட ரொட்டியத் திங்குது. அவன் பாக்கல."

மைரே யோசித்தாள். "நானும் பாக்கணும்," என்றாள். "தூக்கு."

இரண்டு பெரிய கைகள் கீழே வந்தன. அவளை அள்ளிக்கொண்டு மேலே போயின. ஒரு ஜோடி கால் இருந்த இடத்தில் இரண்டு ஜோடி. சின்னக் கால்கள் அவன் மார்பில் உதைத்தன. ரிபெக்கா கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஹினே பாடத்தை நிறுத்திவிட்டு வந்து அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து சாயங்காலம் மணி அடித்தால் மைரே விறகுப் பெட்டியை நடுவில் தள்ளி வைத்துக் காத்திருப்பாள். அவன் நிமிர்வது அவளுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் கூரைக்கு மேல் தலையை நீட்டி மலையையும் மேகத்தையும் போகிற வருகிற ஆட்டையும் பார்த்து ஏதோ பேசுவார்கள். கீழே இருக்கிறவர்களுக்கு அது கேட்காது. பிரித்த இரண்டு பலகையைத் தவிர மிச்சக் கூரை அப்படியே இருந்தது. மூடிக்குச் சுற்றிலும் கண்ணாடி வைத்து ஒரு சின்ன மாடம் கட்டித் தருகிறேன் என்று ஹெனாரே சொன்னான். மூடியை மூடிவிட்டால் பஸ் கதகதப்பாகவே இருந்தது. மைரேக்கு இருமல் குறைந்தது. ரெவி படுப்பது மட்டும் இன்னும் அந்தக் கட்டடத்தில்தான். முதுகு சரியாகட்டும் என்றான். ரிபெக்கா கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டாயிற்று. இனி அவன் சொல்லட்டும்.

*

கடைசி ஆட்டையும் கத்தரித்து இறக்கி, பண்ணை வேலை முடிந்தது. குழு குடித்துப் பாடி ஓய்ந்த மறுநாள் காலை எல்லாரும் மூட்டை கட்டினார்கள். அடுத்த பண்ணை மலைக்கு அந்தப் பக்கம். ரிபெக்கா அலமாரிக் கதவுகளைக் கயிறு போட்டுக் கட்டினாள். அடுப்பை அணைத்துச் சாம்பலைக் கொட்டினாள். தட்டுகளைத் துணியில் சுற்றினாள். பண்ணைச் சாலை இறங்கிப் பெரிய ரோட்டில் சேருகிற இடத்தில் இடது பக்கம் திரும்பினால் அடுத்த பண்ணை. வலது பக்கம் திரும்பினால் டூயியின் கொல்லை. எந்தப் பக்கம் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. ஓட்டுகிற இருக்கையில் ஏறி உட்கார்ந்து கைகளை ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டாள்.

ஹெனாரே வேனைக் கிளப்பி, பஸ்ஸுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து நிறுத்தினான். முன் சீட்டு காலியாக இருந்தது. ரெவி கட்டடத்திலிருந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தான். பழக்கம் என்று டூயி சொன்னது சரிதான். அவன் கால் நேராக வேன் பக்கம் போனது.

மைரே பஸ் படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"வா ரெவி, உன் இடம் காத்திருக்கு," என்றான் ஹெனாரே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி.

மைரே எழுந்து நின்றாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். அச்சு அசல் டூயி.

"அவரு உங்க வேன்ல வரமாட்டாரு."

"ஏன் பாப்பா? உங்க மாமா எப்பவும் என் வேன்லதான வருவாரு?" என்றான் ஹெனாரே. வேண்டுமென்றேதான் கேட்டான் அந்தத் திருட்டுப் பயல்.

"மாமா இல்ல," என்றாள் மைரே. ஒன்றும் தெரியாதவனுக்கு விளக்குவது போலப் பொறுமையாகச் சொன்னாள். "அது எங்க அப்பா. அவரு இங்கதான் இருக்காரு."

ரெவி அங்கேயே நின்றான். வேன் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ரெவி பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான். பிறகு திரும்பி, பஸ்ஸை நோக்கி வந்து, படியில் காலை வைத்து, தலையைக் குனிந்து உள்ளே ஏறினான்.

"எந்தப் பக்கம் போகணும்?" என்று ரிபெக்கா கேட்டாள். அவன் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டாள்.

"இடது பக்கம்," என்றான் ரெவி. தலையணையைக் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தான்.

ரிபெக்கா பஸ்ஸைக் கிளப்புவதற்கு முன் மங்கலாகத் தெரிந்த ஓரக் கண்ணாடியைத் துடைத்தாள். மங்கல் கண்ணாடியில் இல்லை என்று தெரிந்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.